வண்டிப்பாதை: வாசகர் கேள்விகளும் சர்வேயர் பதில்களும்

சென்ற இதழில், அழகர்கோயில் அடிவாரத்தில் புறப்பட்டு மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு, திருவாதவூர், யானைமலை வழியாகக் கீழக்குயில்குடி சமணர் மலை வரை நடந்து போனதை எழுதியிருந்தேன். வழிநெடுகப் பார்த்த பொது நிலங்களின் கதியையும் சேர்த்து எழுதினேன். நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. நான் நில அளவைத் துறையில் மதுரை மாவட்டத்துத் தாலுகாக்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் பாதிப் பேர் நடையைப் பற்றியும் மீதிப் பேர் புறம்போக்கைப் பற்றியும் கேட்டிருக்கிறார்கள். நடக்கிறவர்கள் குறைந்துபோன நிலம்தான் முதலில் கைமாறுகிறது என்பது என் கட்சி. அதனால் இரண்டையும் பிரிக்காமலே பதில் சொல்கிறேன்.

ஐயா, நீங்கள் நடந்த பாதையை கூகுள் மேப்பில் தேடினேன். பாதி இடத்தில் பாதையே காட்டவில்லை. எதை வைத்து நடந்தீர்கள்?
– கல்லூரி மாணவி, திருமங்கலம்

கிராம வரைபடத்தை வைத்து. ஒவ்வொரு வருவாய் கிராமத்துக்கும் ஒன்று உண்டு. அதில் வண்டிப்பாதையை இரட்டைப் புள்ளிக்கோடாகவும், ஒற்றையடிப் பாதையை ஒற்றைப் புள்ளிக்கோடாகவும் போட்டிருப்பார்கள். ஒரு கிராமத்தின் கோடு எல்லையில் போய் நிற்கும். பக்கத்துக் கிராமத்து வரைபடத்தை எடுத்து எல்லையோடு எல்லை பொருத்தினால் அதே கோடு தொடரும். இப்படி ஒட்டிக்கொண்டே போனால் அழகர் மலையிலிருந்து மதுரைக்கு மேற்கே வரை தார்ச்சாலையை அங்கங்கே குறுக்கே கடப்பதோடு சரி, மற்றபடி கண்மாய்க் கரையிலும் ஓடைக் கரையிலும் வண்டிப்பாதையிலுமே போய்விடலாம்.

இந்தப் பாதைகளுக்கு வயது என்ன என்று யாரால் சொல்ல முடியும்? மாங்குளம் பக்கத்தில் மீனாட்சிபுரத்து மலையில் 2,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் அதில் வருகிறது. ‘வெள்ளறை நிகமம்’ என்று ஒரு வணிகர் குழுவும் வருகிறது. வெள்ளறை என்பது இன்றைய வெள்ளரிப்பட்டி என்கிறார்கள். அந்த மலைக்கு மேலே நின்று தெற்கே பார்த்தால் வெள்ளரிப்பட்டிப் பக்கத்துப் பனைமரங்கள் தெரிகின்றன. அந்த வணிகர்கள் சமணத் துறவிகளுக்குக் கற்படுக்கை வெட்டிக் கொடுக்க எந்த வழியாக வந்திருப்பார்கள் என்று யோசித்தபடியே இறங்கினேன். இன்றைக்கு ஆடு மேய்க்கப் போகிறவர்கள் நடக்கிற வழியாகத்தான் இருக்கும், வேறு வழிக்கு அங்கே இடமில்லை.

கீழவளவுப் பக்கம் ‘பாதை அறுந்து கிடந்தது’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். என்ன பார்த்தீர்கள் என்று எழுதலாமே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருப்பத்தூர் (சிவகங்கை)

எழுதுகிறேன். வரைபடத்தில் அந்த வண்டிப்பாதை ஒரு பாறைத்திட்டைச் சுற்றிக்கொண்டு போகிறது. நேரில் போனால் பாறைத்திட்டைக் காணோம். அது இருந்த இடத்தில் குழி. குழி என்றால் நம் ஊர்க் கிணறு மாதிரி நினைக்காதீர்கள். அகலத்தில் ஒரு சின்ன ஊருணியையே உள்ளே வைக்கலாம். நான்கு பக்கமும் கத்தியால் அறுத்தது போல நெட்டுக்குத்தான சுவர். கிட்டப்போய்ப் பார்த்தேன். சுவர் முழுக்க மேலிருந்து கீழாக வரிவரியாகப் பாதி வட்டத் தடங்கள், டிரில் இறங்கிய துளைகளின் பாதி. மீதிப் பாதி கல்லோடு போய்விட்டது. அடியில் பாசி பிடித்த பச்சைத் தண்ணீர். தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று கேட்டதற்கு, அங்கே விறகு பொறுக்கிக்கொண்டிருந்த அம்மா, “மாடு விழுந்தா எடுக்க முடியாதுய்யா” என்றார்.

சுற்றிலும் கழித்துப் போட்ட கற்கள் குன்றாகக் கிடக்கின்றன. சில கற்களில் சிவப்புப் பெயிண்டில் எழுதிய எண் இன்னும் அழியவில்லை. அந்தக் குவியல் ஒரு வரத்துக்கால் மேலேயே கொட்டப்பட்டிருக்கிறது. மேலே பெய்கிற மழை கீழே இருக்கிற கண்மாய்க்குப் போக அந்த வாய்க்கால் ஒன்றுதான் வழி. நான் போனபோது அதில் கருவேலம் முளைத்து மரமாகி நின்றது.

2012-ல் மதுரை ஆட்சியராக இருந்த உ. சகாயம், மேலூர் வட்டாரத்துக் கிரானைட் குவாரிகளில் நடந்த முறைகேட்டால் அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று அறிக்கை அனுப்பினார். 2014-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவரையே விசாரிக்கச் சொல்லி நியமித்தது. 2015-ல் அவர் அறிக்கை தாக்கல் செய்தார். இழப்பு என்று அதில் கணக்கு வந்தது பெரும்பாலும் கல்லின் விலை. போன பாதைக்கும் தூர்ந்த வரத்துக்காலுக்கும் என்ன விலை போடுவது? என் சர்வீஸில் எந்தப் படிவத்திலும் அதற்கு ஒரு கட்டம் பார்த்ததில்லை.

கீழவளவில் பஞ்சபாண்டவர் மலை தப்பி நிற்கிறது. அங்கே கற்படுக்கை உண்டு, தமிழிக் கல்வெட்டு உண்டு. கல்வெட்டின் எழுத்துகள் தலைகீழாக வெட்டப்பட்டிருக்கும். பார்க்காதவர்கள் போய்ப் பாருங்கள். திருப்பத்தூரிலிருந்து உங்களுக்குப் பக்கம்தான்.

செருப்பா, ஷூவா? சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?
– வாசகர், சோழவந்தான்

பழகிய செருப்பு எதுவானாலும் சரி, ஆனால் பின்வார் இருக்கட்டும். கருவை முள் ஏறாத அடி வேண்டும். பாறை ஏறுகிற இடத்தில் வெறுங்கால்தான் பிடிப்பு, அதுவும் காலை ஒன்பது மணிக்குள். அதற்கு மேல் பாறை சுட ஆரம்பித்துவிடும். காலையில் கம்மங்கூழோ இட்லியோ கிடைத்த ஊரில் சாப்பிட்டேன். தண்ணீரைக் கையோடு சுமந்துபோங்கள். மார்கழி, தை இரண்டும் நல்ல மாதம், கண்மாயெல்லாம் நிறைந்திருக்கும்.

மலையும் பொட்டலும் சும்மாதானே ஐயா கிடக்கிறது? ஒரு கம்பெனியோ குவாரியோ வந்தால் எங்களைப் போன்ற இளைஞர்களுக்கு நாலு வேலையாவது கிடைக்கும். நீங்கள் ஓய்வூதியத்தில் இருந்துகொண்டு நடக்கிறீர்கள், எழுதுகிறீர்கள். நாங்கள் என்ன செய்வது?
– டிப்ளமோ படித்தவர், மேலூர் வட்டம்

தம்பி, கோபமாகக் கேட்டிருக்கிறீர்கள், கேட்க வேண்டியதுதான். வேலை இல்லாத கஷ்டத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். குவாரிகள் ஓடிய காலத்தில் உங்கள் பக்கத்துப் பையன்கள் பலருக்குக் கையில் காசு புரண்டதும் உண்மைதான்.

‘சும்மா கிடக்கிறது’ என்பதை மட்டும் நான் ஒப்ப மாட்டேன். ஒரு கணக்குப் போடுவோம், நீங்கள் டிப்ளமோ படித்தவர். ஒரு ஹெக்டேர் மொட்டைப் பாறையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் விழுகிற தண்ணீர் ஒரு லட்சம் லிட்டர். மண் தரையானால் அதில் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்ளும். பாறை அப்படியில்லை, பெரும்பாலானதைக் கீழே அனுப்பிவிடும். அரிட்டாபட்டியில் கழிஞ்சமலையின் சரிவைப் பாருங்கள். மழை நின்று வெகுநேரம் கழித்தும் பாறையின் மடிப்பு வழியாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும். வழியில் சுனை நிறையும், அப்புறம் ஓடை, ஓடையிலிருந்து வரத்துக்கால், கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய். அரிட்டாபட்டி வட்டாரத்தில் ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 ஊற்றுகள் என்று அரசே கணக்குச் சொல்லியிருக்கிறது. பெரியாறு கால்வாய்த் தண்ணீர் எட்டாத கண்மாய்களுக்கு இந்தப் பாறைகள்தான் கதி. பாறையை எடுத்துவிட்டுக் கண்மாயை மட்டும் தூர்வாரினால் அதற்குள் என்ன வந்து சேரும்?

அந்தக் கண்மாயை நம்பி எத்தனை ஏக்கர் நஞ்சை, அதில் நடவுக்கும் களையெடுப்புக்கும் அறுப்புக்கும் எத்தனை பேர், மீன்பாசி ஏலம், ஆடு மாடுகளுக்குத் தண்ணீர், ஊர்க் கிணற்றில் ஊற்று. இதெல்லாமும் வேலைதான், சம்பளச் சீட்டு மட்டும் கிடையாது. குவாரி ஓடியது சில காலம். அது நின்றபோது வேலையும் நின்றது, குழி அப்படியே இருக்கிறது. அந்தக் குழியை மூட இன்றுவரை யாருக்கும் வேலை கொடுக்கவில்லை.

தொழில் வரக் கூடாது என்று சொல்கிறவன் இல்லை நான். ஏற்கனவே கெட்டுப்போன நிலம், கைவிட்ட தொழிற்பேட்டை மனைகள் எத்தனையோ இருக்கின்றன. மலையையும் நீர்வரத்தையும் கேட்காத தொழிலைக் கேளுங்கள். கிராம சபையில் எழுந்து நின்று கேளுங்கள். நானும் உங்களோடு வந்து உட்காருகிறேன்.

டங்ஸ்டன் ஏலம்தான் ரத்தாகிவிட்டதே. இன்னும் எதற்கு அதையே பேசுகிறீர்கள்?
– வாசகர், மதுரை கே.கே. நகர்

ரத்தானது எப்படி என்பதற்காகப் பேசுகிறேன். 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193 ஹெக்டேர்ச் சொச்சத்தைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். வல்லூறும் ராசாளியும் தேவாங்கும் எறும்புத்தின்னியும் உள்ள இடம், 250 வகைப் பறவைகள். இரண்டே வருடத்தில், 2024 நவம்பரில், நாயக்கர்பட்டி டங்ஸ்டன் பகுதி என்று 2,015 ஹெக்டேர்ச் சொச்சத்தை மத்திய அரசு ஏலத்தில் விட்டது. அரிட்டாபட்டித் தலமும் அதற்குள்ளேயே வந்தது. 2023-ல் கனிமச் சட்டத்தைத் திருத்தி, 24 முக்கியக் கனிமங்களுக்கு ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசு எடுத்துக்கொண்டது. டங்ஸ்டனும் அந்தப் பட்டியலில் உண்டு.

அப்புறம் நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9 அன்று சட்டமன்றத்திலும் தீர்மானம் வந்தது. டிசம்பர் கடைசியில் மத்திய அரசு, பல்லுயிர்த் தலத்தை மட்டும் விட்டுவிட்டு எல்லையை மறுபடி வரையலாமா என்று பார்க்கச் சொன்னது. சர்வேயராக இருந்தவன் என்பதால் எனக்கு அந்த யோசனைதான் எல்லாவற்றையும் விட அதிகம் கலக்கத்தைக் கொடுத்தது. காகிதத்தில் கோடு போட்டு 193 ஹெக்டேரைத் தனியே வெட்டி வைக்கலாம். அதைச் சுற்றி 1,800 ஹெக்டேரைத் தோண்டினால் உள்ளே இருக்கிற சுனைக்கு ஊற்று எங்கிருந்து வரும்? அ.வல்லாளப்பட்டி, நரசிங்கம்பட்டி, கிடாரிப்பட்டிக்காரர்களுக்கு இதை யாரும் விளக்கவில்லை, அவர்களுக்கே தெரிந்திருந்தது. ஒரு ஏக்கரும் கிடையாது என்றார்கள். 2025 ஜனவரி 7 அன்று மேலூர்ப் பக்கத்திலிருந்து மதுரை தல்லாகுளம் தலைமைத் தபால் நிலையம் வரை திரண்டு வந்தார்கள். நாலுவழிச் சாலையில் மாட்டுக் கயிறு பிடித்த கைகளும் பள்ளிப் பையைச் சுமந்த பிள்ளைகளும் ஒன்றாக வந்ததைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஜனவரி 23 அன்று ஏலம் ரத்து என்று அறிவிப்பு வந்தது.

அதற்கு முன்னால் யானைமலை. அதைக் குடைந்து சிற்ப நகரம் அமைக்கப்போவதாகப் பேச்சு வந்தபோது நரசிங்கமும் ஒத்தக்கடையும் கொடிக்குளமும் நின்ற நிற்பில்தான் மலை மிஞ்சியது. ரத்து என்பது ஒரு உத்தரவு. உத்தரவு மாறும், சட்டமும் மாறும். 2023-ல் நம் மாநிலத்திலேயே, 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டங்களுக்காக நீர்நிலை உள்ள அரசு நிலத்தையும் சேர்த்து ஒருங்கிணைக்க வழி செய்யும் சட்டம் நிறைவேறியது. விவாதம் இல்லாமலே நிறைவேறியது. கே.கே. நகரில் குழாயில் தண்ணீர் வருகிறவரை இதெல்லாம் தூரத்துச் செய்தியாகத் தெரியலாம். உலகனேரிக் கண்மாயில் உயர் நீதிமன்றக் கிளை எழும்பியது நம் கண் முன்னால்தானே?

எங்கள் அப்பா கிடைமாடு வைத்திருந்தார். மாடு போகிற வழியெல்லாம் வேலி வந்துவிட்டது என்று விற்றுவிட்டார். நீங்கள் எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். ‘மந்தைவெளி எங்கே இருக்குன்னு கேளு’ என்றார்.
– வாசகி, திருப்புவனம் அருகே

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், தங்கச்சி. ஊர் மாடுகள் கூடுகிற மந்தைவெளியும் அவை மேய்கிற மேய்க்கால் புறம்போக்கும் பதிவேட்டில் பல ஊர்களில் இன்னும் இருக்கின்றன. தரையில் தேடினால் பஞ்சாயத்துக் கட்டடம், ரேஷன் கடை, தண்ணீர்த் தொட்டி, அப்புறம் யாரோ ஒருவருடைய தென்னந்தோப்பு. முதல் மூன்றும் ஊருக்கு வேண்டியவை என்று சொல்லி எடுத்தார்கள். தென்னந்தோப்புக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.

திருவாதவூருக்கு முன்னால் ஒரு கண்மாய் உள்வாயில் ஆட்டுக்கிடை போட்டிருந்த கீதாரி (கிடையை நடத்துகிறவர்) ஒருவரோடு ஒரு ராத்திரி பேசிக்கொண்டிருந்தேன். எந்த ஊரில் எந்த மாதம் வயல் காயும், எந்த ஓடையில் தண்ணீர் நிற்கும், எந்த வழியில் குட்டிகளோடு போகலாம் என்று ராமநாதபுரம் வரைக்கும் வரிசையாகச் சொன்னார். எந்தத் தாலுகா அலுவலக வரைபடத்திலும் இவ்வளவு விவரம் கிடையாது. “முன்னெல்லாம் வண்டிப்பாதையில போவோம், இப்ப பைபாஸ்ல போறோம், லாரிக்காரன் அடிச்சிட்டுப் போறான்” என்றார். புலிக்குளம் மாடுகளை நாட்டு இனம் என்று கொண்டாடுகிறோம். அவை நடக்கப் பாதை விடாமல் எப்படிக் காப்பாற்றுவது?

பொது நிலத்தைக் காப்பது பற்றிப் பேசும்போது முதலில் கேட்க வேண்டியது உங்கள் அப்பா போன்றவர்களைத்தான். 2011-ல் உச்ச நீதிமன்றம், ஜக்பால் சிங் வழக்கில், கிராமப் பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்ற எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அப்பாவுக்கு நினைவிருக்கிற மந்தைவெளியின் நான்கு எல்லையையும் ஒரு தாளில் எழுதி வாங்கி வையுங்கள். கடைசிக் கேள்விக்கான பதிலையும் படியுங்கள்.

அழகர் மலைக்குள்ளேயே ஏறி சிறுமலை வரை போகலாமா?
– நண்பர்கள் நால்வர், திண்டுக்கல்

அனுமதி இல்லாமல் போகாதீர்கள். அது காப்புக்காடு. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள், அதை மறக்கக் கூடாது. 2024 அக்டோபரில் வனத்துறை ‘டிரெக் தமிழ்நாடு’ என்று 40 பாதைகளை வழிகாட்டியோடு திறந்திருக்கிறது, ஆன்லைனில் பதிவு செய்யலாம். நான் நடந்தது காட்டுக்கு வெளியே, ஊர்ப் பாதைகளில். அதற்கு யார் அனுமதியும் தேவையில்லை.

என் மகன் கலிஃபோர்னியாவில் இருக்கிறான். பசிபிக் கிரெஸ்ட் டிரெயில் என்ற நெடும்பாதையில் விடுமுறைக்கு விடுமுறை நடக்கிறான். அங்கேயும் அரசு நிலத்தை விற்கப் பார்த்தார்கள் என்றான். அவ்வளவு பெரிய நாட்டிலுமா?
– இல்லத்தரசி, மதுரை அண்ணா நகர்

ஆமாம் அம்மா. மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை, கலிஃபோர்னியா, ஆரிகன், வாஷிங்டன் மாநிலங்கள் வழியாக ஏறக்குறைய 4,260 கிலோமீட்டர் போகிற பாதை அது. 1968-ல் அங்கே தேசியப் பாதைகளுக்கென்றே சட்டம் போட்டு, கிழக்கே அப்பலேச்சியன் பாதையையும் மேற்கே இதையும் முதலில் அதில் சேர்த்தார்கள். ஒரு பாதைக்குச் சட்டப் பாதுகாப்பு தருவது என்பது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. நம் வண்டிப்பாதைகளுக்கும் அப்படி ஒன்று வேண்டும்.

ஆனால் பாதைக்குச் சட்டம் இருந்தும் சுற்றியிருக்கிற நிலத்துக்கு ஆபத்து வந்தது. 2025 ஜூனில், மேற்கு மாநிலங்களில் 20 முதல் 30 லட்சம் ஏக்கர் வரை பொது நிலத்தை விற்க வேண்டும் என்று யூட்டா செனட்டர் ஒருவர் பட்ஜெட் மசோதாவில் ஒரு பிரிவைச் சேர்த்தார். நெடும்பாதை நடப்பவர்களோடு, வேட்டைக்குப் போகிறவர்களும் மீன் பிடிக்கிறவர்களும் கட்சி பார்க்காமல் எதிர்த்தார்கள். மற்ற விஷயங்களில் அவர்களுக்குள் ஒத்துப்போகவே போகாது. அந்த மாதக் கடைசிக்குள் அந்தப் பிரிவை அவர் திரும்பப் பெற்றார். மகன் நடக்கிற பாதையின் பக்கத்து நிலம் எந்தத் துறையின் கையில் இருக்கிறது என்று அவனைக் கேளுங்கள், சொல்லுவான். அங்கே நடக்கிற பலருக்கு அது தெரிந்திருக்கிறது. இங்கே வரும்போது என்னோடு யானைமலைக்கு அனுப்பிவையுங்கள். நரசிங்கப் பெருமாள் குடைவரைக் கோயிலில் கி.பி. 770-ம் ஆண்டுக் கல்வெட்டைக் காட்டுகிறேன்.

எங்கள் ஊர்க் குன்று யாருடையது, பாதை எங்கே போகிறது என்று நாங்களே தெரிந்துகொள்வது எப்படி? வி.ஏ.ஓ.விடம் கேட்டால் ‘எதுக்கு’ என்கிறார்.
– மகளிர் குழு உறுப்பினர்கள், கொட்டாம்பட்டி ஒன்றியம்

எதுக்கு என்று சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. முதலில் தமிழ்நாடு அரசின் இ-சேவை இணையதளத்தில் ‘அ-பதிவேடு’ பாருங்கள். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் நிலம் அரசுடையதா, என்ன வகை என்று வரும். மலை, கல்லாங்குத்து, மேய்க்கால், மந்தைவெளி, ஓடை, வண்டிப்பாதை, கண்மாய் என்று தனித்தனியாக வகைப்படுத்தியிருப்பார்கள். புறம்போக்கா என்று சரிபார்க்கவும் அதே தளத்தில் தனி வசதி உண்டு.

புல எண் தெரியாவிட்டால், வட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்புங்கள். கிராம வரைபட நகலும், ஊரில் உள்ள எல்லாப் புறம்போக்குப் புலங்களின் பட்டியலும் வேண்டும் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். 1980-களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். திருத்தத்துக்கு முந்தைய பதிவேட்டின் நகலையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முன்பு புறம்போக்காக இருந்து பின்னால் பட்டாவான புலம் எது என்று தெரிந்துவிடும்.

அப்புறம் வரைபடத்தோடு நடங்கள். குழுவில் வயதானவர்களைக் கூட்டிக்கொள்ளுங்கள், சர்வே கல் எங்கே இருந்தது என்று அவர்களுக்குத் தெரியும். மூன்று கிராம எல்லையும் சேருகிற முச்சந்திக் கல்லை முதலில் கண்டுபிடித்துவிட்டால் மற்றவை எளிது. கல் காணாமல் போயிருந்தால் புல எண்ணோடு எழுதிவையுங்கள். பாதை அடைபட்ட இடம், வரத்துக்கால் மூடிய இடம், குப்பை கொட்டிய இடம், எல்லாவற்றையும் தேதி போட்டுப் படம் எடுங்கள். கிராம சபை வருடத்தில் ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வருகிற நாளில் அந்தப் பட்டியலைப் புல எண்களோடு வாசித்து, தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் தீர்மானப் புத்தகத்தில் எண்கள் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள், நகல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வரைபடம் படிப்பதில் சிக்கல் இருந்தால் பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள். கொட்டாம்பட்டிக்கு நானே வருகிறேன்.